பிளைண்ட் பிளேக்: அந்த பேஸ் எப்படித் தாவுது?

கேள்வி:
அமெரிக்க ப்ளூஸ் கிட்டார்க்காரர் பிளைண்ட் பிளேக் 1926ல வாசிச்ச ‘வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்’ பாட்டை கிட்டார்ல பழகிட்டிருக்கேன். சி கார்டுல போகுது, இடது கை பிடிபட்டுடுச்சு. பேஸ்தான் (தடிச்ச கம்பிகள்ல வர்ற கீழ் சுரம்) வரல. நான் கட்டைவிரலை மாத்தி மாத்திப் போட்டா ‘தம், தம்’னு நேரா நடக்குது. அவருக்கு ‘த-தம்’னு தாவுது. கூட இன்னொரு கிட்டார் இருக்கா? பதிவுல ஏன் இவ்வளவு இரைச்சல்?

பதில் 1:
ஒரே ஆள், ஒரே கிட்டார்தாங்க. வாசிச்சுக்கிட்டே பேசவும் செய்றார், கை கொஞ்சமும் பிசகல!

ரெண்டு தடவை தட்டாதீங்க. கட்டைவிரல் ஆறாவது கம்பியைத் தாளத்துக்குச் சற்று முன்னாடியே தொட்டு, தூக்காம அப்படியே அஞ்சாவது கம்பிக்கு வழுக்கணும். அஞ்சாவதுதான் தாளத்துல விழணும். அஞ்சு, நாலு கம்பிகளுக்கும் இதே கதைதான். இடது கையால கம்பிகளை லேசா அமுக்கி ஊமையாக்கிட்டு, காலால தாளம் போட்டு இதை மட்டும் பழகுங்க. அவர் வேகத்தைத்தான் எல்லாரும் புகழ்றாங்க. எனக்கு இந்த அரைக்கால் முந்தல்தான் பெருசு. ராக்டைம்ங்கிற துள்ளல் தாள இசையை வாசிக்கிற பியானோக்காரரோட இடது கையை ஒரே விரல்ல கொண்டுவந்துட்டார் மனுஷன்.

பதில் 2:
இரைச்சலுக்குக் காரணம் அவர் பாட்டை வெளியிட்ட பாராமவுண்ட் இசைத்தட்டுக் கம்பெனி. விஸ்கான்சின்ல நாற்காலி செய்றவங்க நடத்தினது, மலிவான அரக்குக் கலவைத் தட்டு. மூல உலோக அச்சுகளும் போச்சு. 1926லேர்ந்து 1932 வரை அவர் பதிஞ்ச சுமார் 80 பாட்டையும், வீடுகள்ல எஃகு ஊசி தேய்ச்ச தட்டுகள்லேர்ந்துதான் எடுத்திருக்காங்க. இரைச்சலை ரொம்ப வடிகட்டின பதிப்பு வேண்டாம், கட்டைவிரல் சத்தமும் சேர்ந்து மழுங்கிடும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. அடுத்து ‘போலீஸ் டாக் ப்ளூஸ்’ எடுக்கலாமா?

பதில் 1:
அது ஓப்பன் டி டியூனிங் (கம்பிகளை அமுக்காமலே டி கார்டு வர்ற மாதிரி சுருதி சேர்க்கிறது), தனி உலகம். அமெரிக்க கிட்டார்க்காரர் ரை கூடர் 1970ல தன் முதல் ஆல்பத்துல வாசிச்சிருக்கார், கேளுங்க. ஆனா அதுக்கு முன்னாடி ‘பிளைண்ட் ஆர்தர்ஸ் பிரேக்டவுன்’ எடுங்க. இப்ப பழகற வழுக்கல் அங்க நல்லா உதவும்.

பதில் 3:
இன்னொண்ணு. பிளேக் ஃபுளோரிடாக்காரர்னு பழைய ஆல்பம் அட்டைகள்ல இருக்கும், நம்பாதீங்க. 2011ல வெளிவந்த இறப்புச் சான்றிதழ்படி வர்ஜீனியாவில நியூபோர்ட் நியூஸ்ல பிறந்தவர். 1934 டிசம்பர் 1ல மில்வாக்கியில காசநோயால இறந்தார். 40 வயசுகூட ஆகல. கிடைச்சது ஒரே ஒரு போட்டோ.