கையெழுத்துக்கு முன்னால்: நுரையீரல் புற்றுநோயும் மருந்தாய்வும், நம் ஊர் அனுபவங்கள்

புகைக்கொட்டகை மகள்:

சுங்கை சிப்புட் வட்டாரத்து உறவுகளுக்கு வணக்கம். போன வாரம் ஒரு துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தேன். “அவரை எலியாக வைத்து மருந்து சோதித்தார்கள், அதில்தான் போய்விட்டார்” என்று பின்வரிசையில் ஒருவர் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். இறந்தவர் எந்த ஆய்விலும் சேராதவர் என்பது எனக்குத் தெரியும். ஆய்வில் சேர்ந்தவர் என் அப்பா. அதனால் இதை எழுதுகிறேன். தெரிந்தவர்களும் எழுதுங்கள்.

அப்பா சிறுவயதிலேயே பால் வெட்டப் போனவர். பிறகு 20 ஆண்டுக்கு மேல் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் விறகு தள்ளினார். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் தோட்டத்து வரிசை வீடான லயத்தைக் காலி செய்துகொண்டு தாமான் குடியிருப்புக்கு வந்தோம். சிகரெட் நாளுக்கு ஒரு பெட்டி. இருமல் அவரோடு கூடவே இருந்தது, அதனால் இருமலின் சத்தம் மாறியது யாருக்கும் உறைக்கவில்லை. கிளினிக்கில் மருந்துத் தண்ணீர், பிறகு எக்ஸ்ரே, பிறகு காசநோய் என்ற சந்தேகம். சளியை மூன்று முறை எடுத்துப் பார்த்தும் கிருமி இல்லை. நான்கு மாதம் இப்படியே ஓடிவிட்டது. பட்டணத்து மருத்துவமனையில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தபோது நுரையீரல் புற்றுநோய், நான்காம் கட்டம்.

மலேசியாவில் நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களில் 10 பேருக்கு 9 பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வந்து சேர்கிறார்கள் என்று மருத்துவர் சொன்னார். “அப்படியானால் பெரட்டு பெரிதாகத்தான் இருக்கும்” என்றார் அப்பா, தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவதை நினைத்து.

ஆய்வைப் பற்றிச் சொன்னது அதற்கடுத்த வாரம். வழக்கமான மருந்தோடு ஒரு புது மருந்து சேர்த்தால் நன்மை கூடுகிறதா என்று பார்க்கும் ஆய்வு. பாரம் 22 பக்கம். மலாயில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. தமிழில் கிடைக்குமா என்று கேட்டேன். சில நாள் கழித்துக் கிடைத்தது. அதைப் படித்தபோது, கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றிற்று. “நீங்கள் சீரற்ற முறையில் இரண்டு கைகளில் ஒன்றில் வைக்கப்படுவீர்கள்” என்று அச்சிட்டிருந்தார்கள். அப்பா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது கையில் பால் கத்தி கீறிய பழைய தழும்பு இருந்தது. “ஊசியை எந்தக் கையில் போடுவார்களாம்? சீரில்லாமல் போட்டால் வீங்காதா?” என்று கேட்டார்.

சிரித்துவிட்டேன், பிறகு கோபம் வந்தது. ‘கை’ என்று அவர்கள் எழுதியது ஆய்வில் இருக்கும் குழுவை. ‘சீரற்ற முறை’ என்பது குலுக்கல். தமிழில் சீரற்றது என்றால் ஒழுங்கு கெட்டது என்றுதானே நம் பெரியவர்கள் எடுத்துக்கொள்வார்கள்? உயிரை வைத்துக் கையெழுத்துக் கேட்கும் தாளில் இப்படியா எழுதுவது?

கடைசியில் விளங்க வைத்தது அம்மா. “நான் சீட்டுக் கூட்டுப் பிடிக்கும்போது பெயர்களைச் சுருட்டி டப்பாவில் போட்டுக் குலுக்குவேனே, அதுதான். இங்கே கணினி குலுக்குகிறது” என்றார். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. ஏன் குலுக்க வேண்டும் என்று மருத்துவரைக் கேட்டோம். தேர்வைத் தன்னிடம் விட்டால் தெம்பாக இருப்பவர்களைத் தன்னை அறியாமலே புது மருந்துப் பக்கம் அனுப்பிவிடுவாராம். பிறகு அவர்கள் நன்றாக இருந்தால் அது மருந்தாலா, உடம்பின் தெம்பாலா என்று எப்படிச் சொல்வது?

அப்பாவுக்கு மலாய் வாசிக்க வராது. தமிழ்ப் பாரமோ அந்த லட்சணம். சாட்சியாக நான் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டேன். தானே வாசிக்க முடியாதவருக்கு, ஆய்வோடு சம்பந்தமில்லாத, அந்த ஆட்கள் யாருக்கும் கட்டுப்படாத ஒருவர் கூட இருந்து கேட்டுச் சாட்சி சொல்ல வேண்டும் என்பது அனைத்துலக விதி என்று சொல்லிவிட்டு, வேறு வார்டிலிருந்து ஒரு தமிழ்த் தாதியை அழைத்து வந்தார்கள். வேலை முடித்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்.

அப்பா மூன்று கேள்வி கேட்டார். நடுவில் விலகலாமா? எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, வழக்கமான வைத்தியம் நிற்காது. மருந்தால் கேடு வந்தால் யார் பார்ப்பது? அந்த ஆய்வுக்குக் காப்புறுதி எடுத்திருந்தார்கள், பக்கத்தையும் காட்டினார்கள். வந்து போகும் செலவு? தருவோம் என்றார்கள். ரசீதுகளை அம்மா மைலோ டின்னில் சேர்த்து வைத்தார்.

குலுக்கலில் அப்பாவுக்கு விழுந்தது வழக்கமான மருந்து மட்டும். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வெறும் தண்ணீரை ஏற்றிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டார். இல்லை. ஆய்வில் சேராத பக்கத்துக் கட்டில்காரருக்கு ஏறிய அதே மருந்துதான் இவருக்கும் ஏறியது. கூடுதலாக ஆறு வாரத்துக்கு ஒரு ஸ்கேன், வீட்டுக்கு ஃபோன் செய்து “ஐயா, வாய்ப்புண் ஆறியதா?” என்று விசாரிக்கும் ஒரு தாதி. 14 மாதம் இருந்தார். ஆய்வு அவர் ஆயுளை நீட்டியது என்று சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல எனக்கு இரண்டு அப்பா வேண்டும்.

லோரிக்காரர்:

தங்கச்சி, எனக்கு 58 வயது. செம்பனைக் குலை ஏற்றும் லோரி. 32 வருடமாக நாளுக்கு ஒரு பெட்டி. மருத்துவர்கள் இதை ஒரு கணக்காக வைத்திருக்கிறார்கள்: நாளுக்கு எத்தனை பெட்டி, அதை எத்தனை வருடம் என்று பெருக்குவது. எனக்கு 32. அமெரிக்காவில் 2002-இல் தொடங்கிய பெரிய பரிசோதனையில் இந்தக் கணக்கு 30-ஓ அதற்கு மேலோ இருந்தவர்களைத்தான் சேர்த்தார்களாம், 53,454 பேர். பாதிப் பேருக்குக் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன், மீதிப் பேருக்கு எக்ஸ்ரே, மூன்று வருடம் தொடர்ந்து. 2011-இல் முடிவு வந்தபோது ஸ்கேன் பக்கம் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 விழுக்காடு குறைவு. என் மச்சானை இதே நோயில் அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு மகள் இதையெல்லாம் வாசித்துக் காட்டி என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

ஸ்கேன் சில நிமிடத்தில் முடிந்தது. மூச்சைப் பிடி, விடு, அவ்வளவுதான். அடுத்த நாள் ஃபோன். வலது பக்கம் 6 மில்லிமீட்டரில் ஒரு முடிச்சு. உங்களுக்கு 6 மில்லிமீட்டர், எனக்குத் தேங்காய் அளவு. ஊசி போட்டு எடுங்கள் என்று சண்டை பிடித்தேன். மருத்துவர் மறுத்துவிட்டார். அந்த அமெரிக்கப் பரிசோதனையிலேயே ஸ்கேனில் சந்தேகப்பட்டவற்றில் 100-க்கு 96 கடைசியில் புற்றுநோய் இல்லை, பழைய தழும்பு, ஆறிப்போன சளிக்கட்டு என்று இருந்ததாம். ஒவ்வொன்றையும் குத்தினால் குத்தியதாலேயே நுரையீரல் சுருங்கிப் போகும் ஆட்கள் வருவார்கள் என்றார். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.

அந்த ஆறு மாதத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதுதான் என் குறை. நிலப் பத்திரத்தை மகள் பெயருக்கு மாற்றிவிட்டேன். மருதவீரன் கோயிலுக்குக் கிடா நேர்ந்தேன். மறு ஸ்கேனில் முடிச்சு அசையாமல் அப்படியே இருந்தது. பத்திரம் இப்போது மகள் பெயரில், கேட்டால் சிரிக்கிறாள்.

மூன்றாம் லயத்துப் பெண்:

அண்ணன் சொன்ன ஸ்கேனுக்கு என் அம்மாவை யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள். அம்மா சிகரெட்டைத் தொட்டதில்லை, அப்பாவும் பிடித்ததில்லை. ஆனால் லயத்தில் இருந்தவரை விறகடுப்பு, புகை போக ஒரு கைப்பிடிச் சன்னல். தைவானில் புகைக்காதவர்களை மட்டும் எடுத்து ஒரு ஸ்கேன் ஆய்வு செய்திருக்கிறார்கள். குடும்பத்தில் நோய் இருந்தவர்கள், அடுப்படிப் புகையில் கிடந்தவர்கள் என்று 12,011 பேர். 100-க்கு இரண்டு மூன்று பேரிடம் புற்றுநோய் இருந்ததாம். இதை நான் படித்தது அம்மா போன பிறகு.

நெஞ்சில் நீர் கோத்து, மூச்சு விட முடியாமல்தான் போனோம். எடுத்த சதையை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது, கீமோ வேண்டாம், நாளுக்கு ஒரு மாத்திரை போதும் என்றார்கள். ஊரில் நம்பவில்லை. “மாத்திரையா? கைவிட்டுவிட்டார்கள்” என்று வீட்டுக்கு வந்து அழுதார்கள். மூன்றாம் வாரம் அம்மா துணி துவைத்தார். முகமெல்லாம் பரு கிளம்பிற்று, வயிறு போயிற்று, ஆனாலும் துவைத்தார்.

அந்த மாத்திரை யாருக்குக் கொடுப்பது என்பதைத் தீர்த்தது 2009-இல் வெளியான ஐபாஸ் என்ற ஆய்வு என்று மருத்துவர் ஒருநாள் சொன்னார். ஆசியாவில் 1,217 பேர், மலேசியாவிலிருந்தும் ஆட்கள் இருந்தார்கள். மரபணு மாற்றம் இருந்தவர்களுக்கு மாத்திரை கீமோவை விட நன்றாக வேலை செய்தது. மாற்றம் இல்லாதவர்களுக்கு மாத்திரை கெடுதலாகவே முடிந்தது, கீமோ எடுத்தவர்கள்தான் மேல். சோதிக்காமல் எல்லோருக்கும் கொடுத்திருந்தால் யாரோ ஒருவருடைய அம்மா வீணாகப் போயிருப்பார். அந்த ஆய்வில் தவறான பக்கம் விழுந்தவர்களும் இருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு மாதிரி இருக்கும்.

பிறகு மாத்திரைக்கு நோய் பழகிவிட்டது. ஓர் ஆய்வில் சேர நாங்களே கேட்டோம். அம்மாவின் சிறுநீரகக் கணக்கு அவர்கள் வைத்த வரம்புக்கு வரவில்லை என்று சேர்க்கவில்லை. எலியாக்குகிறார்கள் என்று பேசுகிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளட்டும். வாசல் வரை போய் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

பழைய டிரெசர்:

பிள்ளைகளே, நான் தோட்ட மருந்தகத்தில் 30 வருடம் இருந்தவன். இரண்டு விஷயம்.

“வருடா வருடம் எக்ஸ்ரே எடுக்கிறேன், எனக்கு ஒன்றும் வராது” என்று சொல்பவர்கள் நம் ஊரில் நிறைய. லோரிக்காரத் தம்பி சொன்ன பரிசோதனையில் தோற்ற பக்கமே எக்ஸ்ரேதான். காசநோய்க்கு எக்ஸ்ரே நல்ல ஆயுதம், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நம் சனத்துக்கு இந்த நம்பிக்கை வந்தது. இந்த நோயில் எக்ஸ்ரேயில் நிழல் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். மேலும் அந்த ஸ்கேன், புகைப்பதை நிறுத்தாதவனுக்குப் பரிகாரம் அல்ல. தம்பி நிறுத்திவிட்டாரா என்று எழுதவே இல்லையே?

இன்னொன்று. போன மாதம் இரவுச் சந்தை அருகில் ஒருவன் “ஆராய்ச்சி மருந்து” என்று சொல்லி நோயாளி வீட்டில் 8,000 வெள்ளி வாங்கிப் போயிருக்கிறான். முறையான ஆய்வில் ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள். சுகாதார அமைச்சு மருத்துவமனைகளில் நடக்கும் ஆய்வுக்கு தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் எண் உண்டு, அமைச்சின் நெறிமுறைக் குழு பார்த்து அனுமதித்த கடிதம் உண்டு. பாரத்தின் முதல் பக்கத்திலேயே தேடுங்கள். எண்ணைக் கேட்டதும் எவன் முகம் மாறுகிறதோ அவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

லோரிக்காரர்:

டிரெசர் ஐயா, பிடிபட்டுவிட்டேன். நாளுக்கு நான்கு என்று குறைத்திருக்கிறேன்.

பழைய டிரெசர்:

நான்கு என்பது நிறுத்தியது ஆகாது. மகளிடம் சொல்கிறேன்.

மூன்றாம் லயத்துப் பெண்:

அக்கா, என் சித்தப்பாவுக்கு நேற்று ஒரு பாரம் கொடுத்திருக்கிறார்கள். 18 பக்கம், மலாயில். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். அவர் கேட்பது ஒன்றே ஒன்று: எந்தக் கையில்?

புகைக்கொட்டகை மகள்:

பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் மறைத்துவிட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பு. ஞாயிறு காலை அம்மாவையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். டப்பாவும் சீட்டும் அவரே கொண்டு வருவார். திங்கட்கிழமை போதாது, இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று சித்தப்பாவை இன்றே ஃபோனில் கேட்கச் சொல். எங்களுக்குக் கேட்டதும் கொடுத்தார்கள்.