வில்லு நாண் சத்தமும் கையில ஏறுற அதிர்வும்: நீங்க எப்படி குறைச்சீங்க? அனுபவம் சொல்லுங்க

மார்த்தாண்டம்

வணக்கம் எல்லாருக்கும். நாங்க நாலஞ்சு பேரு களியக்காவிளை தாண்டி பாறசாலை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல ஞாயிறு காலைல வில்லு அடிக்கிறோம். வேட்டை எல்லாம் கிடையாது, வைக்கோல் கட்டுல பேப்பர் ஒட்டி அதுல அடிக்கறதுதான். என்கிட்ட இருக்கறது கழட்டி மாட்டற 60 அங்குல ரீகர்வ் (நுனி ரெண்டும் முன்பக்கமா வளைஞ்ச வில்லு), இழுவை 40 பவுண்டு. வாங்கி வந்த நாள்ல இருந்தே அம்பு விட்டதும் நாண் ‘டொய்ங்ங்’னு இழுத்துக்கிட்டே இருக்கும், இடது கைல மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் ஒரு விறுவிறுப்பு ஏறும். இப்ப அது அடங்கி ஒரு ‘தப்’போட நிக்குது. என்ன செஞ்சேன்னு வரிசையா சொல்றேன், உங்களுக்குத் தெரிஞ்சதையும் எழுதுங்க.

முதல்ல ஒரு விஷயம். எங்க பக்கம் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு வைப்பாங்க, குடத்து மேல வில்லைச் சாய்ச்சு மணி கட்டி வீசுகோலால நாணைத் தட்டுனா ராத்திரி பூரா கணீர்னு பாடும், அந்த வில்லுக்கு வேலையே பாடறதுதான். அம்பு விடற வில்லு பாடுச்சுன்னா அம்புக்குப் போக வேண்டிய பலத்துல ஒரு பங்கு நாண்லயும் லிம்ப்லயும் (கைப்பிடிக்கு மேலயும் கீழயும் வளையற பாகம்) தங்கி ஆடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். மிச்சம் தங்குன அந்த பலம்தான் காதுக்குச் சத்தமா வருது, கைக்கு அதிர்வா வருது. அதனால சத்தத்தை அடக்க நாண்ல கட்டற சைலன்சரை வாங்கி மாட்டறதுக்கு முன்னாடி அந்த மிச்சத்தைக் குறைக்கற வழியைப் பாக்கணும், இதை நான் ரொம்ப உறுதியாவே சொல்லுவேன்.

பிரேஸ் ஹைட்தான் முதல் இடம். நாண் ஏத்துன வில்லுல கைப்பிடியோட ஆழமான இடத்துல இருந்து நாண் வரைக்கும் உள்ள தூரம். எனக்கு 7 அங்குலத்துல இருந்துச்சு. இந்த நீளத்து ரீகர்வுக்கு பொதுவா 7½ல இருந்து 8¼ வரைக்கும் ஒத்து வரும், மூங்கில் லாங்போவா (நுனி வளையாத நீள வில்லு) இருந்தா 6ல இருந்து 7 போதும், உங்க வில்லு செஞ்சவங்க ஒரு கணக்கு கொடுத்திருந்தா அதுல இருந்து ஆரம்பிங்க. நாணை இறக்கி, ஒரு முனை லூப்பை மட்டும் கழட்டி, முறுக்கு இருக்கற திசையிலயே நாலஞ்சு சுத்து ஏத்தி மறுபடி மாட்டுங்க. மாட்டி ரெண்டு மூணு அம்பு விட்டுட்டுதான் அளக்கணும், புது முறுக்கு கொஞ்சம் தளரும். இப்படி கால் அங்குலம் கால் அங்குலமா ஏத்திக்கிட்டே போனா ஒரு இடத்துல சத்தம் டக்குனு விழும், அது காதுக்கே தெரியும். என் வில்லுக்கு அது 7⅞ல வந்துச்சு. அதுக்கு மேல ஏத்துனா மறுபடி கரகரன்னு ஆகுது, அம்பு வேகமும் குறையுது, ஏன்னா நாண் அம்பைத் தள்ற தூரம் சுருங்கிடுது. அந்த இடத்தை ஒரு சின்ன மரத்துண்டுல கோடு போட்டு பையிலயே வச்சிருக்கேன், ஏத்துனதும் அதை வச்சுப் பாத்துட்டுதான் முதல் அம்பு.

ரெண்டாவது அம்போட எடை. லேசான அம்பு வேகமாப் போகும்னு எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க, ஆனா லேசான அம்பு வில்லுல இருக்கற பலத்தை முழுசா எடுத்துக்கிட்டுப் போகாது. கணக்கு சிம்பிள்தான், இழுவை ஒரு பவுண்டுக்கு அம்பு எடை 10 கிரெயின் (அம்பு எடைக்கு உள்ள சின்ன அளவு). 40 பவுண்டுக்கு 400 கிரெயின், அதாவது கிட்டத்தட்ட 26 கிராம், நகைக்கடைத் தராசுல நிறுத்துடலாம். பவுண்டுக்கு 8 கிரெயினுக்கு கீழ போனா சத்தத்தோட வில்லுக்கும் நல்லதில்ல. நான் முனையை கனமா மாத்துனேன், அப்ப அம்பு கொஞ்சம் மெத்துன்னு வளைய ஆரம்பிக்கும், வலது கைக்காரங்களுக்கு வலது பக்கம் ஒதுங்கும், அப்படி வந்தா தண்டையும் கொஞ்சம் விறைப்பா எடுக்கணும்.

இதெல்லாம் ஆனப்புறம்தான் கம்பளி நூல். ஸ்வெட்டர் பின்ற உல்லன் நூலை விரல் நீளத்துக்கு வெட்டி ஒரு கொத்து எடுத்து, நாண் இழைகளை ரெண்டாப் பிரிச்சு நடுவுல சொருகி இறுக்கிக் கட்டிட்டு நுனியைப் பிச்சு விட்டா பஞ்சு உருண்டை மாதிரி பூக்கும். மேல ஒண்ணு கீழ ஒண்ணு. இடம் முக்கியம்: மேல் முனையில இருந்து நாண் நீளத்துல மூணுல ஒரு பங்கு, கீழ் முனையில இருந்து நாலுல ஒரு பங்கு. ரெண்டும் ஒரே தூரத்துல வேண்டாம். நாண் ஆடும்போது சில புள்ளிகள் அசையாம நிக்கும், அந்தப் புள்ளியில உருண்டையைக் கட்டுனா அந்த ஆட்டத்தை அது தொடக்கூட தொடாது. மேலயும் கீழயும் வேற வேற தூரத்துல வச்சா ஒண்ணு விட்டதை இன்னொண்ணு பிடிச்சுக்கும்.

நாணுக்கு நம்ம ஊர் தேன்மெழுகுதான் போடறேன், ஒரு காகிதத்தை மடிச்சு நாணைப் பிடிச்சு வேகமா மேலயும் கீழயும் தேய்ச்சா சூட்டுல உருகி உள்ள இறங்கிடும். நாண் தேயாம இருக்க மேல சுத்தி இருக்கற நூல்ல, அதாவது சர்விங்ல மட்டும் போடாதீங்க.

கூடலூர்

அருமையா எழுதியிருக்கீங்கண்ணே. எங்க பக்கம் மழை ஆரம்பிச்சா கம்பளி உருண்டை தண்ணியைக் குடிச்சு கனமாயிடுது, அம்பு கீழ கீழ விழுது, நாம ரிலீஸ் கெட்டுப்போச்சுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டு இருப்போம். அதனால ஜூன்ல இருந்து நான் ரப்பருக்கு மாறிடுவேன். பழைய சைக்கிள் டியூபை மெல்லிசா நூல் நூலா வெட்டி அதே இடத்துல கட்டிக்கறது, செலவே இல்ல. கம்பளி அளவுக்கு மெத்துன்னு இருக்காது, ஆனா நனைஞ்சாலும் மாறாது. வெயில்ல வெடிக்க ஆரம்பிச்சா மாத்திடுங்க, பிஞ்சு கண்ணுல தெறிக்கப் போகுது.

இன்னொண்ணு, வயநாட்டுல ஒரு அம்பெய்யும் போட்டிக்குப் போயிருந்தேன். பனமரம் அங்க இருந்து பக்கம், 1802ல வெள்ளைக்காரங்க கிட்ட இருந்து அந்தக் கோட்டையைப் பிடிச்ச குறிச்சியர் பழங்குடிப் படைத்தலைவர் தலைக்கல் சந்துவுக்கு அங்க நினைவிடம் இருக்கு, வில்லு பிடிக்கறவங்க யாரா இருந்தாலும் ஒரு தடவை போய்ப் பாக்கணும்னு நான் சொல்லுவேன். போட்டியில எனக்குப் பக்கத்துல நின்ன பெரியவர் என் வில்லு சத்தத்தைக் கேட்டுட்டு வில்லைத் தொடவே இல்ல, அம்பை வாங்கி நாண்ல மாட்டி, முனை கீழ பாக்கற மாதிரி தொங்க விட்டு, நாணை விரலால ஒரு சுண்டு சுண்டுனாரு. அம்பு விழல. இன்னும் பலமா சுண்டுனாரு, அப்பவும் விழல. “மோனே, இது நாணை விட்டுப் போகாது”ன்னாரு. நாக், அதாவது அம்போட பின் முனையில நாண் மாட்டற பிளவு, அவ்வளவு இறுக்கம். லேசா ஒரு தட்டுல கழண்டு விழணும், அதே நேரம் சும்மா தொங்கும்போது நிக்கணும். அந்த நாக் மாத்துனதும் அந்த ‘டிக்’ சத்தம் போயே போச்சு. லூசாவும் இருக்கக் கூடாது, நாண் பாதியில வெறுமனே அடிச்ச மாதிரி ஆயிடும்.

பொள்ளாச்சி

ஒரு சந்தேகம் சார், தப்பா நினைக்காதீங்க. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால வேட்டையே கிடையாது, வைக்கோலுக்கு காது கேக்குமா, அப்புறம் சத்தத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?

மார்த்தாண்டம்

நல்ல கேள்வி தம்பி. எனக்கு முழங்கைதான் காரணம். ஒரு காலைல ஐம்பது அறுபது அம்பு விட்டா அந்த அதிர்வு ஒவ்வொண்ணும் மூட்டுலதான் போய் உக்காரும். அடுத்தது, பெரிய சத்தம் வரும்னு மனசுக்குத் தெரிஞ்சுட்டா விடறதுக்கு முன்னாடியே கை வெடுக்குனு துள்ள ஆரம்பிக்கும், அது வந்துட்டா விரட்டறது ரொம்ப கஷ்டம். மூணாவது, நேத்து வரைக்கும் அமைதியா இருந்த வில்லு இன்னைக்கு வேற சத்தம் போட்டா எங்கயோ எதுவோ மாறியிருக்குன்னு அது சொல்லுது, நாண் இழை அறுந்திருக்கலாம், லிம்ப்ல ஒட்டு விட்டிருக்கலாம். வில்லு எப்பவும் இரைச்சலா இருந்தா இந்த மாற்றம் காதுல விழவே விழாது.

பொள்ளாச்சி

புரிஞ்சுது சார், நன்றி. அப்ப என் பங்குக்கு ஒண்ணு. நாண் ஏத்துன வில்லை இடது கைல பிடிச்சுக்கிட்டு நாணை கட்டை விரலால லேசா ஒரு இன்ச் இழுத்து சுண்டிப் பாருங்க, முழுசா இழுத்து விடாதீங்க. கிண்கிணின்னு ஏதாவது ஆடுனா கூட நிக்கறவரை ஒவ்வொரு இடமா விரல் வச்சு அமுக்கச் சொல்லுங்க, எங்க அமுக்கும்போது நிக்குதோ அங்கதான் வினை. எனக்கு லிம்ப் போல்ட்டோட வாஷர். பாலக்காட்டு நண்பர் ஒருத்தருக்கு சர்விங் நுனி அவிழ்ந்து ஈ பறக்கற மாதிரி ஒரு சத்தம், நூலைப் போட்டு மறுபடி சுத்துனதும் நின்னுடுச்சு.

அப்புறம் போன்ல ஸ்லோமோஷன் வச்சு லிம்ப் நுனியை எடுத்துப் பாத்தோம். ரீகர்வுல வளைஞ்ச நுனியில நாண் வந்து பொத்துன்னு படியும் பாருங்க, அந்த அடி தனி சத்தம். நாண் படியற பள்ளத்துல ரெண்டு அங்குலத்துக்கு வெல்க்ரோவோட மெத்து பக்கத்தை மட்டும் ஒட்டுனோம், ரெண்டு லிம்ப்லயும் ஒரே அளவு. இதுல கிடைச்ச வித்தியாசம் கம்பளியை விட ஜாஸ்தி, எழுதி வச்சுக்கோங்க.

திருத்தணி

நான் மூங்கில் வில்லுக்காரன். இந்தியன் ரவுண்டுங்கற போட்டிக்கு 50 மீட்டர், 30 மீட்டர் தூரத்துல அடிக்கிறது, சித்தூர், புத்தூர் பக்கத்துப் பசங்களும் எங்களோட வந்து பயிற்சி எடுப்பாங்க. எங்க வில்லுல சத்தம் கம்மி, கையில உதைக்கறதுதான் பெரிய தொல்லை. நீங்க எழுதுன பிரேஸ் ஹைட், அம்பு எடை எல்லாம் சரி, ஆனா மர வில்லு, மூங்கில் வில்லுல நுனி கனத்தைப் பாக்காம விட்டா உதை போகாது நைனா. நாண் நேராகி நிக்கற நொடியில நுனியும் சேர்ந்து நிக்கணும், நுனியில சதை இருந்தா அது நிக்காம முன்னாடி தள்ளும், அந்த தள்ளல் கைப்பிடிக்கு வருது. நாண் காது (லூப்) விழற இடத்துக்கு மேலயும் கீழயும் பக்கவாட்டுல கொஞ்சம் கொஞ்சமா அரத்தால குறைச்சு உப்புத்தாள் போட்டு இழைப்போம், அகலத்துலதான் கை வைக்கணும், முதுகுப் பக்கத்துத் தோலை மட்டும் தொடவே கூடாது, மூங்கிலோட பலமே அங்கதான் இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே அளவு இழைக்கணும், ஒவ்வொரு தடவையும் நாண் ஏத்தி வில்லோட ரெண்டு கையும் (லிம்ப்) ஒண்ணா வளையுதான்னு பாத்துட்டு மறுபடி. ஒரு கை விறைப்பா இன்னொரு கை மெத்துன்னு இருந்தா ஒண்ணு முன்னாடி வந்து நிக்கும், இன்னொண்ணு பின்னாடி வரும், எத்தனை கம்பளி கட்டுனாலும் அந்த உதை போகாது. எனக்கு இதுல மனசு நிறைஞ்ச வேலைன்னா இந்த இழைக்கறதுதான்.

கூடலூர்

நுனி விஷயம் எனக்குப் புதுசு, என் லாங்போல பாக்கறேன். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கறவங்களுக்கு அதிர்வு ரெண்டு மடங்கா தெரியும், அதையும் சேத்துக்கோங்க.

மார்த்தாண்டம்

திருத்தணி அண்ணே, ரொம்ப நன்றி, எங்க கூட்டத்துல மூங்கில் வில்லு வச்சிருக்கற பையனுக்கு இதை அப்படியே காட்டறேன். புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணு மட்டும்: சத்தம் எப்படி இருக்குன்னு சோதிக்கறேன்னு அம்பு இல்லாம இழுத்து விடாதீங்க. முழு பலமும் வில்லுக்குள்ளயே திரும்பி அடிக்கும், மர லிம்ப் ஒரே அடியில பிளந்துடலாம். சைலன்சர் மாட்டுனதும், நாண் முறுக்குனதும், எது மாத்துனாலும் வைக்கோல் கட்டுக்குப் பத்தடி கிட்ட நின்னு அம்பு வச்சு அடிச்சுப் பாருங்க. சைலன்சர் கனத்துல வேகம் கொஞ்சம் குறையும், 20 மீட்டர்ல அம்பு இறங்குற இடம் மாறியிருக்கும், அதுக்கு ஏத்த மாதிரி குறியை மறுபடி பழகிக்கோங்க.