100 கிராம் சாதத்துக்கு 130 கலோரியா, 350 கலோரியா?

தராசு:
வணக்கம். வீட்டில் புழுங்கலரிசிச் சாதம், வடித்துத்தான் சாப்பிடுகிறோம். 100 கிராமுக்கு ஒரு ஆப் 350 கலோரி காட்டுகிறது, இன்னொன்று 130. எது சரி? கஞ்சியை வடித்தால் சர்க்கரை போய்விடும் என்கிறார்களே, உண்மையா? வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார்.

உலைமூடி:
இரண்டும் சரிதான். 350 மூட்டையில் இருக்கும் அரிசிக்கு, 130 தட்டில் விழும் சாதத்துக்கு. நடுவில் சேர்ந்தது தண்ணீர். 100 கிராம் சாதத்தில் மாவுச்சத்து 28 கிராம், புரதம் இரண்டரை கிராம் சொச்சம். கொழுப்பும் நார்ச்சத்தும் அரை கிராமைத் தொடாது. மீதி ஏறக்குறைய எல்லாம் நீர்.

ஆனால் 130ஐயும் கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். காலிப் பாத்திரத்தை முதலில் நிறுத்துக்கொள்ளுங்கள். 250 கிராம் அரிசி போட்டு 750 கிராம் சாதம் வந்தால் மடங்கு 3. தட்டில் 210 கிராம் என்றால் உள்ளே போவது 70 கிராம் அரிசி, அதாவது 245 கலோரி. அதே அரிசியைக் குழையவிட்டு ஒரு கிலோ ஆக்கினால் மடங்கு 4. அப்போது அதே 210 கிராமில் 184 கலோரிதான். "ரெண்டு கரண்டி" கணக்கெல்லாம் இதனால்தான் உதைக்கிறது.

வடிதட்டு:
மேலே சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். வடித்த சாதத்துக்கு இந்த மடங்குக் கணக்கு கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். கஞ்சியோடு போன மாவையும் சேர்த்துத்தானே அரிசியை நிறுத்தோம்?

அதற்காகச் சர்க்கரை போய்விட்டது என்று இன்னொரு கரண்டி போட்டுவிடாதீர்கள். போவது பருக்கையின் மேல் கரைந்த மாவு மட்டும். உள்ளே இருப்பது முழுக்க அங்கேயேதான். உண்மையில் கஞ்சியில் நாம் கொட்டுவது தயமின் என்கிற வைட்டமின் பி1. அது நீரில் கரையும். பச்சரிசியில் இந்த இழப்பு மோசம். புழுங்கலில், நெல்லை உமியோடு அவிக்கும்போதே தவிட்டிலிருக்கும் பி1 பருக்கைக்குள் இறங்கிவிடுவதால் தீட்டிய பிறகும் ஓரளவு நிற்கும். ஜாவாவில் தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் விழுந்ததைக் கவனித்த டச்சு மருத்துவர் ஐக்மானுக்கு 1929இல் நோபல் கிடைத்தது இந்தச் சங்கதிக்குத்தான்.

இரண்டு முறை அலசினால் போதும், கசக்கிக் கழுவ வேண்டாம். குக்கரில் புழுங்கலுக்கு ஒன்றுக்கு மூன்று தண்ணீர் வைத்தால் வடிக்கவே வேண்டாம். வடித்தே பழக்கம் என்றால் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடியுங்கள். ஆனால் சர்க்கரை உள்ளவருக்கு அதுவும் மாவுக் கணக்கில் சேரும்.

தராசு:
நன்றி. ரேஷன் அரிசியில் கொஞ்சம் மணிகள் வெளுப்பாக, தண்ணீரில் மிதக்கின்றன. பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறிகிறோம். சரிதானே?

வடிதட்டு:
ஐயோ, எறியாதீர்கள். செறிவூட்டிய மணி அது. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து அரிசி வடிவில் அழுத்தி எடுப்பது. சாதா அரிசி நூறுக்கு இது ஒன்று என்ற அளவில் கலந்திருப்பார்கள். அலசும்போது மிதப்பதைத் தண்ணீரோடு சாய்த்துவிட்டால் சேர்த்த சத்து சாக்கடைக்குத்தான்.

உலைமூடி:
சர்க்கரை உள்ளவருக்கு வெறும் சாதத்தை ஏற்றாதீர்கள். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். சாதத்தில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் கெட்டிப் பருப்போ சுண்டலோ வையுங்கள்.

மிஞ்சிய சாதத்தை இரவெல்லாம் மூடி அடுப்பங்கரையில் விடவேண்டாம். பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. பரப்பி ஆறவைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.