ப்ரோக் ஊர்ச் சொக்லேட்: கையேவோடு உங்களுக்கு உள்ள பழக்கம் என்ன?

மொலேசோன் அடிவாரம்:

வணக்கம். நான் யாழ்ப்பாணம். இப்ப சுவிஸில் ஃப்ரிபூர் மாநிலம், ப்யூல் நகரம். வந்து இருபத்திரண்டு வருசம். இங்கயிருந்து ஐந்து கிலோமீற்றர் தள்ளி ப்ரோக் எண்டு ஒரு சின்ன ஊர் இருக்கு. 1898இல் அலெக்ஸாந்தர் கையே எண்டவர் அங்க சொக்லேட் தொழிற்சாலை தொடங்கினார். இண்டைக்கும் அதே இடத்தில்தான் ஓடுது, சொக்லேட்டும் கையே எண்ட அதே பேரில்தான் வருது. அதைப் பற்றித்தான் எழுத வந்தனான்.

வந்த புதிதில் ஒரு ரெஸ்ரோறன்ட் குசினியில் கோப்பை கழுவும் வேலை. பாஷை ஒரு சொல்லும் தெரியாது. என்னோடு வேலை செய்த போர்த்துக்கல்கார அக்கா ஒருத்தி பின்னேரம் நாலு மணிக்குக் கையைத் துடைச்சுப்போட்டு ஒரு துண்டுப் பாண் எடுப்பா. அதை நடுவில் பிளந்து, விரல் தடிப்பில் ஒரு சொக்லேட் குச்சியை உள்ளுக்க வைச்சு, பாதியை எனக்கு நீட்டுவா. பாணுக்குள்ள சொக்லேட்டா எண்டு முதல் நாள் யோசிச்சன். கடிச்சால் மேலால பாணின் மொறுமொறுப்பு, உள்ளுக்க ஹேசல் பருப்பு அரைச்ச களி, இடையில் சின்னச் சின்னப் பருப்புத் துண்டுகள். அந்தக் குச்சிக்குப் பேர் ப்ரான்ஷ், பிரெஞ்சில் மரக்கிளை எண்டு அர்த்தம். 1904இல் இருந்தே செய்யினம். பேந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகேக்கதான் விளங்கிச்சு, இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நாலு மணிச் சாப்பாடு அநேகமா இதுதான்.

சில வருசத்துக்கு முதல் அம்மா ஊரில் இருந்து வந்தா. ப்ரோக்குக்குக் கூட்டிக்கொண்டு போனன். தொழிற்சாலையோடு சேர்த்து 2010இல் மெசோன் கையே எண்டு ஆட்கள் வந்து பார்க்க ஓர் இடம் திறந்திருக்கினம். முதல் இருட்டறைகளில் கதை சொல்லுவினம். பிறகு கொக்கோ விதையையும் பருப்புகளையும் கையால் தொட்டுப் பார்க்கலாம். ப்ரான்ஷ் உருவாகிச் சுற்றுப்பட்டு வாற இயந்திரத்தையும் பார்க்கலாம். கடைசியில் ருசி பார்க்கிற அறை. தட்டுத் தட்டாய் அடுக்கியிருக்கும், விரும்பினதை எடுக்கலாம். அம்மா ஒரு பால் சொக்லேட் துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, கனநேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு சொன்னா: "பிள்ளை, இது ரின்பால் மணமெல்லோ."

எனக்கு மயிர் கூச்செறிஞ்சது. ஏனெண்டால் அம்மாவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, கையே பால்மா போடாமல் கட்டிப்பாலில்தான் பால் சொக்லேட் செய்யிறதெண்டு. க்ரூயேர் மலைச்சாரல் மாடுகளின் பாலைச் சுண்டவைச்சு அதில்தான் கொக்கோவைச் சேர்க்கினம். அந்தச் சுண்டின பாலின் வாசத்தை, ஊரில் ரீயில் ரின்பால், அதாவது ரின்னில் வாற கட்டிப்பால், ஊத்திக் குடிச்ச நாக்கு உடனே பிடிச்சிட்டுது.

உங்களுக்கும் இப்பிடி ஏதாவது அனுபவம் இருந்தால் எழுதுங்கோ.

ரயில் சிநேகன்:

அக்கா, படித்ததும் லொசான் நாட்கள் ஞாபகம் வந்துவிட்டன. கம்பெனி வேலையாக அங்கே மூன்று மாதம் இருந்தேன். சனி ஞாயிறு கிடைத்தால் ஏரிக்கரை ரயிலில் ஏறிவிடுவேன். வெவே எனக்கு மிகவும் பிடித்த ஊர். சாப்ளின் கல்லறையைப் பார்க்க வெவேயிலிருந்து மேட்டில் ஏறி கோர்சியே போனேன். அந்தக் கோர்சியேயில்தான் 1819இல் ஃப்ரான்சுவா லூயி கையே முதல் சாக்லேட் தொழிற்சாலை வைத்தார் என்பது அப்போது தெரியாது. இன்றும் விற்பனையில் இருக்கும் சுவிஸ் சாக்லேட் பெயர்களில் இதுதான் மிகப் பழையது. ப்ரோக்கில் தொழிற்சாலை கட்டியவர் அவருடைய பேரன்.

என்னை ஈர்த்தது மருமகன் கதைதான். டானியேல் பீட்டர் என்று பெயர், மூதோன் ஊர்க் கசாப்புக்காரர் மகன். வெவேயில் மெழுகுவர்த்தி செய்து விற்றுக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய் விளக்கு வந்ததும் அந்த வியாபாரம் படுத்தது. 1863இல் ஃப்ரான்சுவா லூயி கையேவின் மகள் ஃபனியைக் கட்டியிருந்தார், மாமனார் வீட்டுத் தொழில் கண்ணெதிரே இருந்தது. சாக்லேட்டுக்கு மாறினார். அந்தக் காலத்தில் சுவிஸில் ஏற்கெனவே பெரிய ஆட்கள் இருந்தார்கள்: நெஷாத்தல் பக்கம் சுஷார், லொசானில் ஹேசல் பருப்பு போட்ட கோலர். புதிதாக ஒன்று செய்தால்தான் பிழைக்க முடியும் என்ற நிலை. கையருகில் இருந்த பாலை எடுத்தார். எட்டு வருடம் போல மல்லுக்கட்டி 1875இல் பால் சாக்லேட் கொண்டுவந்தார். 1887இல் அதைக் காலா பீட்டர் என்ற பெயரில் விற்றார். காலா என்றால் கிரேக்கத்தில் பால்.

வெவே ஏரிக்கரையில் தண்ணீருக்குள் ஒரு ராட்சத முள்கரண்டி நட்டிருப்பார்கள். எல்லோரும் அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கையே பாக்கெட்டைப் பிரித்தேன். தொழில் போய், கையில் குடும்பத்தோடு நின்ற மனிதர் எட்டு வருடம் விடாமல் முயன்றிருக்கிறாரே என்பதுதான் மனசில் ஓடியது. அப்போது நானும் வேலை மாறலாமா வேண்டாமா என்ற குழப்பத்தில் இருந்தேன்.

கல்லுரல்:

சென்னையில் வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கிறேன், ஆறு வருடமாக. பீட்டருக்கு ஏன் அத்தனை வருடம் ஆனது என்று என் கை சொல்லும்.

ஆரம்பத்தில் ஒரு நாள், உருக்கிய சாக்லேட் பாத்திரத்தில் ஈரக் கரண்டியைப் போட்டுவிட்டேன். கரண்டியில் இருந்தது நாலைந்து சொட்டுத் தண்ணீர்தான். பட்டுப் போல ஓடிக்கொண்டிருந்த சாக்லேட் கண்ணெதிரே திரண்டு, ஈர மண் மாதிரி கட்டி கட்டியாகிவிட்டது. சர்க்கரையும் கொக்கோத் துகளும் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிவிடும், கொக்கோ வெண்ணெய் தனியாக நிற்கும். நாலு சொட்டுக்கே இந்தக் கதி. பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர். பாலை அப்படியே ஊற்றினால் சேராது, எப்படியாவது சேர்த்தாலும் ஈரத்தால் கெட்டுப்போகும். அப்போது இன்றுபோல் நல்ல பால் பவுடரும் கிடையாது. சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை போட்ட கட்டிப்பால்தான் வழி, அதிலும் மிச்ச ஈரத்தை விரட்ட வேண்டும்.

நம் வீட்டில் திரட்டுப்பால் கிண்டியவர்களுக்கு இது புரியும். அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க, வெள்ளை மெல்ல மெல்லப் பழுப்பாகும். அந்த நேரத்தில் சர்க்கரையும் பால் புரதமும் சூட்டில் கலந்து ஒரு வாசம் எழும். பவுடர் போட்ட பால் சாக்லேட்டில் அந்த வாசம் குறைவு. அக்காவின் அம்மா நாக்கு பிடித்தது இதைத்தான்.

இன்னொன்று. ரோடால்ஃப் லின்ட் 1879இல் பெர்ன் நகரத்தில் கோன்ச் என்ற இயந்திரம் கண்டுபிடித்த பிறகுதான் சாக்லேட் நாக்கில் நெருடாமல் கரைய ஆரம்பித்தது. மணிக்கணக்கில், நாள்கணக்கில் பிசைந்துகொண்டே இருக்கும். என்னிடம் இருப்பது கோயம்புத்தூர் கல் கிரைண்டர். இட்லி மாவு ஆட்டும் அதே கல் உருளைதான், சூடு தாங்குவதுபோல் மாற்றியது. உலகத்தில் எத்தனையோ சின்னச் சாக்லேட் பட்டறைகளில் இன்று இந்த வகை கிரைண்டர்தான் ஓடுகிறது. இரண்டு மூன்று நாள் நிறுத்தாமல் விடுவேன். ராத்திரி அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கிப் பழகிவிட்டது.

நாவற்குழியான்:

ஒரு சந்தேகம். போன வருசம் அண்ணா கொண்டுவந்த சொக்லேட் முழுக்க வெள்ளை படிஞ்சிருந்தது. பூஞ்சணம் எண்டு அம்மா எல்லாத்தையும் எறிஞ்சுபோட்டா. அது பழுதானதா?

கல்லுரல்:

இல்லை தம்பி, மனசு வலிக்கிறது! அது பூஞ்சை இல்லை, கொக்கோ வெண்ணெய். 34 டிகிரியிலேயே அது முழுதாக உருகிவிடும். அதனால்தான் வாயில் போட்டதும் கரைகிறது. பெட்டிக்குள் வெயில் சூட்டில் உருகி, மறுபடி தாறுமாறாக உறையும்போது மேலே வெள்ளையாகப் பூக்கும். சாப்பிடலாம், ஒன்றும் செய்யாது. வழுவழுப்பும் 'டக்'கென்று உடையும் தன்மையும் மட்டும் போய்விடும். நாங்கள் பால் சாக்லேட்டை 45 டிகிரி வரை உருக்கி, 27க்கு இறக்கி, திரும்ப 30க்கு ஏற்றுவது இந்த ஒழுங்குக்காகத்தான். அடுத்த தடவை அப்படி வந்தால் சூடான பாலில் போட்டுக் கரைத்துக் குடியுங்கள். அருமையாக இருக்கும்.

லெமான் கரை:

ஜெனிவாவில் இருந்து எழுதுகிறேன். 2006இல் நடந்ததை யாரும் சொல்லவில்லையே. ழான் நூவெல் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு கையேவின் உறையையே மாற்றினார்கள். பளபளவென்று பிளாஸ்டிக், விலையும் ஏறியது. இங்கே சனத்துக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு பிளாஸ்டிக் குப்பை எதற்கு என்று கேட்டார்கள். டென்னர் கடைகள் விற்பனையையே நிறுத்தின. கடைசியில் பழையபடி காகிதத்துக்குத் திரும்பினார்கள். என் பக்கத்து வீட்டுக் கிழவி, அப்போதே எழுபது தாண்டியவர், அந்தப் பிளாஸ்டிக் டப்பாவை என் கையில் வைத்து, "இது என் கையே இல்லை" என்றார். 1929இலேயே நெஸ்லே வாங்கிவிட்ட கம்பெனி. ஆனாலும் அவருக்கு அது சின்ன வயசில் பிரித்த காகிதம், உள்ளே வெள்ளித்தாள், அந்தச் சரசரப்பு. அவர் கேட்டது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

எனக்குப் பிடித்தது ஃப்ரிகோர். 1923இல் வந்தது. பாதாமும் ஹேசலும் அரைத்த நடுப்பகுதி வாயில் உருகும்போது நாக்கில் மெல்லிய குளிர்ச்சி தட்டும். லத்தீனில் ஃப்ரிகோர் என்றாலே குளிர்தான். மெதுவாகச் சாப்பிட்டால் மட்டுமே அது தெரியும்.

மொலேசோன் அடிவாரம்:

எல்லாருக்கும் நன்றி. கல்லுரல் தங்கச்சி, நீங்கள் திரட்டுப்பால் எண்டு எழுதினதை அம்மாவுக்குப் ஃபோனில் வாசிச்சுக் காட்டினன். சரியான சந்தோசம்.

நாவற்குழித் தம்பி, நாங்கள் ஊருக்கு மார்கழி, தையில்தான் கொண்டுபோறது. உடுப்புகளுக்கு நடுவில், ஒரு துவாயில் சுத்தி வைப்பன். வீட்ட போனவுடன் ஃபிரிட்ஜ். நேரா மேசையில் வைக்கிறேல்லை.

ரயில் சிநேகன், ப்ரோக் போகாமல் திரும்பிவிட்டீங்கள் போல இருக்கே. முந்தி ப்யூலில் இறங்கி ஒடுங்கின பாதைச் சின்ன ரயில் மாற வேணும். 2021இல் அந்தப் பாதையை மூடி, அகலமாக்கி, 2023இல் திறந்தவை. இப்ப ஃப்ரிபூரில் இருந்தே ஏறி இருந்தால் போதும். தொழிற்சாலை வாசல் ஸ்ரேசனுக்கு முந்தி ப்ரோக் ஃபப்ரிக் எண்டு பேர், இப்ப ப்ரோக் ஷொகொலாத்ரி. கதவு திறக்கேக்கயே வறுத்த கொக்கோ மணம் மூக்கில் ஏறும். பக்கத்தில் ழோன் ஆறு ஓடுது. அந்தத் தண்ணியையும் சுத்திவர உள்ள பாலையும் நம்பித்தான் கையே இந்த இடத்தைப் பிடிச்சவர். புரட்டாதி கடைசியில் வந்தால் பூமாலை போட்ட மாடுகள் பெரிய மணிகளோடு மலையால் இறங்கி வாறதையும் பார்க்கலாம்.

காலமை வெள்ளன வாங்கோ, பஸ் பஸ்ஸாய்ச் சனம் வரமுதல். ருசி பார்க்கிற அறையில் ஓட வேண்டாம். முதலில் வெறும் பால் சொக்லேட் ஒரு துண்டு, கடிக்காமல் நாக்கில் வைச்சுக்கொண்டு இருங்கோ. வாறதெண்டால் முன்கூட்டி ஒரு சொல் போடுங்கோ. நான் பாணோடு ஸ்ரேசனில் நிற்பன்.