ஊதியமின்றி இசை நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதுவோர் எதுவரை பொறுத்துக்கொள்வது?

கேள்வி: கடைசி வரிசை

தன்னார்வலர்கள் நடத்தும் இசை இணைய இதழ் ஒன்றுக்காக நேரலை நிகழ்ச்சிகளுக்குச் சென்று விமர்சனம் எழுதி வருகிறேன். இதழுக்கு வருமானம் கிடையாது. அதன் ஆசிரியரும் வேறு வேலை பார்த்துக்கொண்டு இரவில்தான் இதழைக் கவனிக்கிறார். ஆகவே ஊதியம் இல்லை என்பதில் எனக்கு மனக்குறை இல்லை. அதை அறிந்துதான் இதில் இறங்கினேன். ஊதியம் பெறுவோருக்கு உரிய கடமைகள் அனைத்தும் எப்படியோ என் தலையில் வந்து விழுவதும், அவர்களுக்கு உரிய வசதிகளில் ஒன்றுகூட என்னை எட்டாமல் இருப்பதும்தான் என்னைச் சலிப்படையச் செய்கின்றன.

விமர்சகருக்கான இலவச அனுமதி கேட்டு, கலைஞரின் மக்கள் தொடர்பாளருக்கு வாரக்கணக்கில் முன்னதாகவே மின்னஞ்சல் அனுப்புகிறேன். பதில் பெரும்பாலும் நிகழ்ச்சி நாளின் பிற்பகலில் வருகிறது. சில வேளைகளில் வருவதே இல்லை. அலுவலகத்திலிருந்து சீக்கிரம் கிளம்ப அனுமதி பெறுவதா வேண்டாமா என்பதைக்கூட அதுவரை முடிவு செய்ய இயலாது. அனுமதி கிடைத்த பிறகும் வாயிலில் உள்ள பட்டியலில் என் பெயர் இல்லாமல் போவதுண்டு. வாயிற்காவலரைக் குறை சொல்ல முடியாது. கையிலுள்ள தாளில் இருக்கும் பெயர்களுக்குத்தான் அவர் பொறுப்பு. பட்டியலை அனுப்பியவரோ அந்நேரத்தில் தொலைபேசியை எடுப்பதில்லை. இந்தக் குழப்பம் தீர்வதற்குள், முதன்மைக் கலைஞருக்கு முன் மேடையேறும் தொடக்கக் குழு பாடி முடித்து இறங்கிவிடுகிறது. எவரும் எழுதாத, ஒரு பத்தி எழுதினால்கூட மகிழக்கூடிய அந்தப் புதியவர்களை விட்டுவிட்டு, எத்தனையோ பேர் எழுதித் தீர்த்த முதன்மைக் கலைஞரைப் பற்றி நானும் ஒருமுறை எழுத வேண்டியிருக்கிறது.

நள்ளிரவுக்குப் பிறகு வீடு திரும்பி, காலை வேலைக்குக் கிளம்புவதற்குள் எழுதி அனுப்பினால், ‘கட்டுரையின் இணைப்பு எங்கே’ என்று கலைஞரின் மக்கள் தொடர்பாளர் அதற்கு முன்பே கேட்டிருப்பார். முந்தைய நாள் வரை என் மின்னஞ்சலுக்குப் பதில் எழுத நேரமில்லாதவர் அவர். அண்மையில் ஒரு விமர்சனத்தில், பாடகரின் குரல் பிற்பகுதியில் தளர்ந்தது என்றும், முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்யப்பட்ட பின்னணிக் குரல்கள் அதை மறைக்க உதவின என்றும் எழுதியிருந்தேன். அவ்விரு வரிகளையும் ‘சற்று மென்மையாக்க’ இயலுமா என்று அந்தப் பாடகரின் மக்கள் தொடர்பாளர் கேட்டார். இயலாது என்றேன். அதன் பிறகு அந்த முகவரியிலிருந்து எனக்குப் பதிலே வருவதில்லை.

இவற்றில் எவை இந்த வேலையோடு பிறந்தவை, எவை எங்களைப் போன்றோர் வாய் திறக்காததால் நிலைத்துவிட்டவை என்பதை அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டும். இசையை வெறுத்துவிடாமல் இதைத் தொடர்ந்து செய்வோர் எப்படிச் செய்கிறீர்கள்?

பதில்: மூன்று பாடல்கள்

நான் எழுதுபவன் அல்லன். அதே நிகழ்ச்சிகளில், அதே ஊதியமின்மையோடு புகைப்படம் எடுப்பவன். நீங்கள் சொன்னவற்றோடு என் தரப்புத் துன்பங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று பாடல்களுக்கு மட்டும் அனுமதி, ஃபிளாஷ் கூடாது என்பது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. கலைஞர் வியர்க்காமலும் கலையாமலும் இருக்கும் படங்களே வெளிவரும் என்பதாலும், முன்வரிசையில் நிற்கும் இரசிகர்களுக்கு நீண்ட நேரம் மறைக்காது என்பதாலும் அமைப்பாளர்களுக்கு இது வசதி. ஆனால் பல நிகழ்ச்சிகளில் ஒளியமைப்பு அந்த மூன்று பாடல்களில் இன்னும் முழுமை பெற்றிருக்காது. அடர்ந்த சிவப்பும் புகையும் மட்டும் இருக்கும் அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் எதை எடுப்பது? பெரிய அரங்குகளில் மேடைக்கு முன்னால் உள்ள இடைவெளிக்குள் விடாமல் ஒலிப்பொறியாளரின் மேசையருகே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து முகம் தெரிய எடுக்கும் அளவுக்கு நீண்ட லென்ஸ், ஊதியம் பெறாதவரிடம் எங்கிருந்து வரும்? மூன்றாவது பாடல் முடிந்ததும் கேமராவோடு வெளியே அனுப்பிவிடுவதும் உண்டு. மீதி நிகழ்ச்சியைக் கேட்கும் வாய்ப்பும் அத்தோடு போயிற்று.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ளக் கூடாதது, நாம் எடுக்கும் படங்களின் உரிமையைப் பணம் தராமலே கேட்கும் ஒப்பந்தம். 2015 ஜூன் மாதத்தில் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட், ஆப்பிள் மியூசிக் என்னும் இணைய இசைச் சேவையின் மூன்று மாத இலவசக் காலத்தில் கலைஞர்களுக்குப் பணம் வழங்காதது நியாயமன்று என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். அந்நிறுவனம் உடனே தன் முடிவை மாற்றிக்கொண்டது. அப்போது பிரிட்டனைச் சேர்ந்த ஜேசன் ஷெல்டன் என்னும் புகைப்படக் கலைஞர், ஸ்விஃப்டின் நிகழ்ச்சிகளுக்கு வரும் புகைப்படக்காரர்களிடம் கையொப்பம் பெறப்படும் ஒப்பந்தமும் அதே அநீதியைத்தானே செய்கிறது என்று பதில் கடிதம் வெளியிட்டார். பின்னர் அந்த ஒப்பந்தம் திருத்தப்பட்டது. அடுத்த மாதமே வாஷிங்டன் சிட்டி பேப்பர் இதழ், ஃபூ ஃபைட்டர்ஸ் என்னும் ராக் இசைக்குழுவின் புகைப்பட ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்து, நிகழ்ச்சிக்குச் சென்ற இரசிகர்களிடமிருந்து படங்களை விலைக்கு வாங்கிக்கொள்வதாக அறிவித்தது.

அந்த இதழுக்கு மறுக்கும் வலிமை இருந்தது. நமக்கோ ஒப்பந்தம் வாயிலில்தான் நீட்டப்படுகிறது. கைபேசி வெளிச்சத்தில் படித்து, பின்னால் வரிசை நிற்கும்போது கையொப்பமிட வேண்டியிருக்கிறது. ஆகவே அனுமதி கேட்கும் முதல் மின்னஞ்சலிலேயே ‘ஒப்பந்தம் ஏதேனும் இருந்தால் முன்கூட்டியே அனுப்புங்கள்’ என்று எழுதிவிடுகிறேன். பதிப்புரிமையை முழுவதுமாக எழுதித் தரக் கேட்டால் கேமராவை வீட்டில் வைத்துவிடுகிறேன். ஊதியமில்லாதவனுக்கு மிஞ்சும் ஒரே சொத்து அந்தப் படங்கள்தாம். அதையும் கொடுத்துவிட்டு வருவதற்கு நான் அவர்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறேன்?

பதில்: பட்டியல் எழுதுபவர்

எதிர்த்தரப்பிலிருந்து ஒரு குரலும் வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நிகழ்ச்சிகளுக்கான விருந்தினர் பட்டியலைத் தயாரிப்பது என் வேலையின் ஒரு பகுதி.

அனுமதி கடைசி நேரத்தில் வருவது பெரும்பாலும் அலட்சியத்தால் அன்று. கலைஞரின் குடும்பமும் நண்பர்களும், இசை வெளியீட்டு நிறுவனம், அரங்கம், புரவலர்கள் என்று ஒவ்வொருவருக்கும் இத்தனை இடம் என்று ஒதுக்கப்பட்ட பிறகு எஞ்சுவதுதான் செய்தியாளர்களுக்கு வரும். அந்த எண்ணிக்கையைச் சுற்றுப்பயண மேலாளர் நிகழ்ச்சி நாளன்றுகூட மாற்றுவார். அவர் ஒப்புதல் தந்த பிறகே பட்டியல் வாயிலுக்குச் செல்லும். அங்கே மக்கள் தொடர்பாளரின் பட்டியல், அரங்கத்தின் பட்டியல், கலைஞரின் பட்டியல் என்று தனித்தனியாக இருக்கலாம். உங்கள் பெயர் இல்லை என்று சொல்பவரின் கையில் இருப்பது வேறு பட்டியலாகவும் இருக்கலாம். ‘என் பெயர் யாருடைய பட்டியலில் இருக்கும்? இல்லையென்றால் அன்று மாலை யாரை அழைப்பது?’ என்ற இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் பெற்று வருபவர்கள் வாயிலில் அதிக நேரம் நிற்பதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அனுமதி பெற்று உள்ளே வந்து, நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, ஒரு வரியும் எழுதாதவர்கள் ஏராளம். காலையிலேயே இணைப்பைக் கேட்கும் பழக்கம் அவர்களால் வந்தது. எழுதுபவர்களும் அதைச் சுமக்கிறார்கள். கலைஞரின் தரப்பிலிருந்து எங்களிடமும் அதே காலையில் கேட்கிறார்கள் என்பது சமாதானம் ஆகாது, காரணம் மட்டுமே.

தொடக்கக் குழுவைப் பற்றி எழுத விரும்புகிறீர்கள் என்றால் முதன்மைக் கலைஞரின் மக்கள் தொடர்பாளரிடம் போகாதீர்கள். தொடக்கக் குழுவுக்கும் சில விருந்தினர் இடங்கள் இருக்கும். அவை பல இரவுகளில் நிரம்புவதில்லை. அவர்களுக்கே நேரடியாக எழுதினால், பெரும்பாலும் குழுவில் ஒருவரே பதில் எழுதுவார். நிகழ்ச்சிக்கு முன்பு பேசவும் வாய்ப்புக் கிடைக்கும்.

வரிகளை மென்மையாக்கக் கேட்டது தவறு. தகவல் பிழை இருந்தால் திருத்தக் கேட்கலாம், கருத்தைத் திருத்தக் கேட்கக் கூடாது. எங்கள் தொழிலில் பலருக்கும் இது தெரியும், தெரிந்தும் கேட்கிறார்கள்.

பதில்: செவிநலம்

கேள்வியில் இல்லாத ஒன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் நலவாழ்வுக்கான தேசிய நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலை எட்டும்போது 15 நிமிடமே மிஞ்சும். அரங்குகளில் சராசரி ஒலியளவு 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. ஓர் இரசிகர் எப்போதாவது ஒருமுறை வருகிறார். நீங்கள் வாரந்தோறும் ஒலிபெருக்கியின் அருகே நிற்கிறீர்கள். ஊழியராக இருந்தால் காதுகளுக்கு முதலாளி பொறுப்பேற்பார் என்று எதிர்பார்க்கவாவது இடமுண்டு.

சாதாரண நுரைக் காதடைப்பான்கள் உயர்சுருதிகளை அதிகமாகத் தின்றுவிடுவதால் இசை மங்கிக் கேட்கும். இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் வடிகட்டியுள்ள காதடைப்பான்கள் எல்லாச் சுருதிகளையும் ஏறத்தாழச் சமமாகக் குறைக்கின்றன. அவற்றை அணிந்துகொண்டே தாராளமாக விமர்சனம் எழுதலாம். சொல்லப்போனால் வரிகள் அப்போதுதான் தெளிவாக விளங்கும்.

பதில்: முன்னாள் ஆசிரியர்

இத்தகைய தன்னார்வ இதழ் ஒன்றை நடத்தியவன் என்ற முறையில், முந்தைய பதில்களைவிடச் சற்றுக் கடுமையாகப் பேச விரும்புகிறேன்.

ஊதியமின்றி எழுதுவது ஊதியம் பெறும் பணிக்கு முதற்படி என்ற நம்பிக்கையில்தான் பலர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறார்கள். அந்தப் படிக்கு மேலே இருந்த மாடியே இடிந்துகொண்டிருக்கிறது. 1926இல் தொடங்கிய பிரிட்டனின் இசை இதழான மெலடி மேக்கர் 2000ஆம் ஆண்டின் இறுதியில் என்எம்ஈ இதழோடு இணைந்து மறைந்தது. அந்த என்எம்ஈயின் வாராந்திர அச்சு இதழும் 2018 மார்ச்சில் நின்றது. 2024 ஜனவரியில் பிட்ச்ஃபோர்க் என்னும் இசை விமர்சனத் தளத்தை, ஆண்களுக்கான ஜிக்யூ இதழின் கீழ் கொண்டுவந்தபோது அதன் ஊழியர்கள் பலர் வேலையிழந்தனர். ‘உங்கள் பெயர் வெளியே தெரியும்’ என்று இன்று ஒருவர் சொன்னால், யாருக்குத் தெரியும், தெரிந்து அவர் என்ன செய்வார் என்று திருப்பிக் கேளுங்கள்.

அவ்வாறாயின் ஊதியமின்மையால் கிடைக்கும் உரிமைகளையாவது எடுத்துக்கொள்ள வேண்டும். இரவோடு இரவாக எழுதி அனுப்புவது, மறுநாள் காலை அச்சாக வேண்டிய நாளிதழுக்கு ஏற்பட்ட கட்டாயம். உங்கள் இதழுக்கு எந்த அச்சு இயந்திரம் காத்திருக்கிறது? மூன்று நாள் கழித்து எழுதினால், எந்தப் பாடலுக்குப் பிறகு எது வந்தது என்ற விவரம் மறந்துபோயிருக்கும், மனத்தில் தங்கியது மட்டும் நிற்கும். பாடல் வரிசையை எந்த இரசிகரும் அன்றிரவே இணையத்தில் பதிவேற்றிவிடுகிறார். அதை உரைநடையில் மறுபடி எழுதுவதற்கு விமர்சகர் தேவையில்லை. ஒலியமைப்பு எப்படி இருந்தது, கூட்டம் எந்த இடத்தில் பேச்சை நிறுத்தியது, பதிவில் கேட்ட பாடல் மேடையில் என்ன ஆனது என்பவற்றை எழுதத்தான் நீங்கள் அங்கே போகிறீர்கள்.

உங்கள் ஆசிரியரிடமும் சில கேள்விகளைக் கேளுங்கள். தளத்தில் விளம்பரம் வருகிறதா? வந்தால் அந்தப் பணம் எங்கே போகிறது? தளத்தை இயக்கும் வழங்கியின் (சர்வர்) செலவுக்குப் போகிறது என்றால் கணக்கைக் காட்டுவதில் தயக்கம் இருக்கக் கூடாது. நீங்கள் ஊழியர் அல்லர். எழுத்தில் விட்டுக்கொடுக்காத வரை கட்டுரையின் பதிப்புரிமை பெரும்பாலான நாடுகளில் உங்களுடையதே. தளம் ஒரு நாள் மூடப்பட்டால் எழுதியவை அனைத்தும் அதோடு போய்விடும் என்பதால், ஒவ்வொரு கட்டுரைக்கும் உங்களிடம் படி இருக்கட்டும். இப்படிக் காணாமற்போன விமர்சனங்களைத் தேடி இன்றும் எனக்கு மின்னஞ்சல் வருகிறது.

மறுமொழி: கடைசி வரிசை

அனைவருக்கும் நன்றி. காலக்கெடு குறித்து ஆசிரியரிடம் பேசினேன். காலைக்குள் வேண்டும் என்று தாம் என்றுமே கேட்டதில்லை, முன்பு எழுதியவர்கள் அப்படி அனுப்பியதால் அதுவே வழக்கமாயிற்று என்றார். அடுத்த நிகழ்ச்சிக்குத் தொடக்கக் குழுவுக்கே நேரடியாக எழுதியிருக்கிறேன்.

பட்டியல் எழுதுபவர் கூறிய ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. எழுதாமல் போனவர்களின் பழியை எழுதுபவர்கள் சுமக்க நேர்வதை அவர் இயல்பானதாகச் சொல்கிறார். யார் எழுதினார், யார் எழுதவில்லை என்பதற்கு அவர்களிடம் பதிவேடு இருக்குமே. அதைப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? இறுதியாக ஒரு கேள்வி: பதில் தராத அந்த மக்கள் தொடர்பாளரின் கலைஞர்களை இனி எழுதவே முடியாதா?

பதில்: முன்னாள் ஆசிரியர்

முடியும். சீட்டு வாங்கிக்கொண்டு செல்லுங்கள். எழுதுவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. புகைப்படத்துக்குத்தான் அனுமதி தேவை; தொழில்முறைக் கேமராவைப் பல அரங்குகள் உள்ளே விடுவதில்லை, ஆகவே படமில்லாமல் வெளியிடத் தயாராக இருங்கள். எல்லா நிகழ்ச்சிகளுக்கும் கைப்பணம் செலவழிக்க இயலாதுதான். ஆனால் ஆண்டில் ஓரிரு முறையாவது அவ்வாறு சென்று, எந்த விமர்சனம் இலவச அனுமதிச் சீட்டில் எழுதப்பட்டது, எது சொந்தச் சீட்டில் எழுதப்பட்டது என்பதைக் கட்டுரையின் அடியில் குறிப்பிட்டுவிடுங்கள். நாங்கள் அதை வழக்கமாக்கிய பிறகு, வரிகளை மாற்றச் சொல்லும் மின்னஞ்சல்கள் வெகுவாகக் குறைந்தன.

பதில்: பட்டியல் எழுதுபவர்

பதிவேடு இருக்கிறது, ஆனால் அதைப் பார்ப்பவர்கள் குறைவு. உங்கள் மின்னஞ்சலிலேயே முன்பு எழுதிய இரண்டு விமர்சனங்களின் இணைப்பைச் சேர்த்துவிடுங்கள். அவற்றில் ஒன்று பாராட்டாததாக இருந்தாலும் பரவாயில்லை. நான் முதலில் திறந்து படிப்பது அதைத்தான்.