வேளச்சேரி: மழை வந்தால் கழிவறை வழியாக வீட்டுக்குள் ஏறும் தண்ணீர்

வணக்கம். வேளச்சேரியில் தரைத்தள வீடு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வெள்ளம் வாசல் வழியாக வரும் முன்பே கழிவறைக் கோப்பையிலும் குளியலறை ஜாலியிலும் பொங்கி வந்துவிட்டது. தெருச் சாக்கடை நிரம்பியதும் எதிர்த்து ஏறுகிறது. சாக்கடைத் தண்ணீர், அதுதான் தாங்க முடியவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி, அவசரத்துக்கு மாடி ஏற முடியாது.

வாசலில் மணல் மூட்டை, சம்ப் மூடியைச் சுற்றி சிமெண்ட் பூச்சு, மோட்டாரை 3 அடி மேடைக்கு ஏற்றியது எல்லாம் ஆயிற்று. கோப்பைக்குள் துணி அடைத்து மேலே மணல் மூட்டை வைத்தோம், நிற்கவில்லை. போன வருடம் வெளிச் சேம்பருக்கு (கழிவுக் குழாய் போய்ச் சேரும் தொட்டி) முன்னால் 4 இஞ்ச் பிவிசி நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வராமல் தடுப்பது) போட்டோம். இந்த அக்டோபர் முதல் மழையிலேயே அதன் மடலில் குப்பை சிக்கி, மூடாமல் நின்றுவிட்டது. கையால் மூடும் கேட் வால்வு போடலாம் என்கிறார் பிளம்பர். ஆனால் மாடி வீடுகளின் கழிவும் அதே குழாயில்தான் இறங்குகிறது; மூடினால் அது எங்கள் வீட்டுக்குள் வரும்.

தரைத்தள லைனை மட்டும் தனியாகப் பிரித்து கேட் வால்வு போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா, வெள்ளத்தில் அது தாங்கியதா?