மறு: ‘மோரேஸ்’ – அறவழக்கா, கட்டுவழக்கா?

சமூகவியல் சொற்களுக்குத் தமிழ் தேடும் அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

> ஃபோக்வேய்ஸ் என்பதற்கு ‘வழமை’, மோரேஸ் என்பதற்கு ‘அறவழக்கு’ என்று வைத்தால் என்ன?

மல்லாவித் தம்பியின் கேள்வி. ஃபோக்வேய்ஸ் (folkways) என்பது மீறினாலும் ஊர் பெரிதுபடுத்தாத பழக்கங்கள்; மோரேஸ் (mores) என்பது மீறினால் ஊரே கோபிக்கும் வழக்குகள். இரண்டையுமே நான் ஏற்கமாட்டேன்.

முதலில் ‘வழமை’. தமிழகத்து நண்பர்களுக்கு அது வழக்கம் என்பதன் இன்னொரு வடிவம், அவ்வளவுதான். இலங்கையின் வடக்கில் இருக்கும் எங்களுக்கு அப்படியில்லை. தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த சட்டம். வடமாகாணத் தமிழரின் காணி, சீதன வழக்குகளில் இன்றும் செல்லுபடியாவது. முல்லைத்தீவில் பங்குக்காணியை வெளியாருக்கு விற்க நினைப்பவர் மற்றப் பங்காளிக்கு முதலில் அறிவிக்க வேண்டியிருப்பதும் அதனால்தான். நீதிமன்றத்தில் நிற்கும் ஒரு சொல்லை, மீறினாலும் ஒருவரும் பெரிதுபடுத்தாத பழக்கங்களுக்குக் கொடுத்தால் மாணவர் குழம்பிப் போவார்கள்.

அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் கிரகாம் சம்னர் 1906இல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். ஊர்ப் பழக்கங்கள் ஒருவரும் திட்டமிடாமல் தாமாக உருவாகின்றன. அவற்றில் சிலவற்றோடு ‘இது இல்லாவிட்டால் ஊருக்குக் கேடு’ என்ற நம்பிக்கை சேரும்போது அவை மோரேஸ் ஆகின்றன என்றார். ஒன்றிலிருந்து மற்றது முளைப்பதால், இரண்டு சொல்லுக்கும் ‘வழக்கு’ பொதுவாக இருக்கட்டும். தம்பி சொன்னதில் அந்தப் பாதி சரி.

எங்கள் பக்கத்தையே பாருங்கள். வயலில் வெறுந்தேத்தண்ணியைப் பனங்கட்டி கடித்துக்கொண்டு குடிப்போம். ஒருவர் சீனி போட்டுக் கலக்கிக் குடித்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நாளில் ஒரு வீட்டிலிருந்து மீன் பொரிக்கும் வாசம் ஒழுங்கைக்கு வந்தால், வேலிக்கு அப்பால் பேச்சு நின்றுவிடும். கிழவிகள் வாய்விட்டே ஏசுவார்கள். அம்மாள் பொறுக்கமாட்டாள், அம்மை வரும் என்ற பயம் அதற்குள் இருக்கிறது. இரண்டுமே சாப்பாட்டுப் பழக்கம்தான். ஊருக்கு வரும் கோபத்தில்தான் வேறுபாடு.

அப்படியென்றால் ‘அறவழக்கு’ பொருந்துமே என்பீர்கள். பொருந்தாது. மோரேஸ் எதையும் சரியாக்கிவிடும் என்று சொன்னவரே சம்னர்தான். அடிமைமுறைக்கும் அவர் தனி அத்தியாயம் எழுதினார். எங்கள் சாதி ஒதுக்கலும் அதே வகை. அதைத் தடுக்க 1957இல் சட்டம் வந்தது. அப்படியிருந்தும் 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் போக, ஒதுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது. சட்டம் ஒருபக்கம், வழக்கு மறுபக்கம் நின்ற இடம் அது. வாசலை மறித்துக்கொண்டு நின்றதற்கு ‘அறம்’ என்று பெயர் எழுத என் கை ஓடாது. பாடநூலில் ஒருமுறை ஏறிவிட்டால், பிள்ளைகள் அதை நல்லதென்றே படிப்பார்கள்.

ஆகவே ஃபோக்வேய்ஸ் ‘நடைவழக்கு’, மோரேஸ் ‘கட்டுவழக்கு’. கட்டு என்றால் ஊர்க்கட்டு. பிணைப்பதும் அதுதான், தள்ளிவைப்பதும் அதுதான். நல்லது கெட்டது என்ற தீர்ப்பு அதற்குள் இல்லை. ‘நடைவழக்கு கட்டுவழக்காகிறது’ என்று வாக்கியமாகவும் தடங்கலின்றி எழுதலாம்.

இன்னொரு சொல். துணுக்காய் அக்கா சாங்ஷனுக்குத் (sanction) ‘தடை’ என்று எழுதியிருந்தார். பொருளாதாரத் தடைக்கு அது சரி. சமூகவியலில், வழக்கை மீறுபவருக்கு ஊர் தரும் தண்டனை மட்டுமல்ல, காப்பவருக்குத் தரும் பாராட்டும் பரிசும்கூட சாங்ஷன்தான் என்பதால், தண்டனையை மட்டும் குறிக்கும் ‘ஒறுப்பு’ என்பதும் பாதியைத்தான் பிடிக்கிறது. இரண்டு பக்கத்தையும் தாங்கும் சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
முள்ளியவளையிலிருந்து